பல்லின் நிறம் பார்த்த கதை: ஜன்னல் வெளிச்சம் முதல் எல்.ஈ.டி. வரை

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலைக்கு நடுவில் படிக்க வேண்டாம். சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

புடவைக் கடையில் நாம் எல்லோரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. உள்ளே விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப்போன புடவையை வாசலுக்கு எடுத்து வந்து ஒருமுறை விரித்துப் பார்ப்போம். ரவிக்கைத் துணி மேட்சிங் எடுக்கும்போது இது இன்னும் கட்டாயம். கடைக்குள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்த புடவையும் ரவிக்கைத் துணியும் வாசலுக்கு வந்ததும் 'நீ யாரோ நான் யாரோ' என்று நிற்கும். நம் பாட்டிமார்கள் இயற்பியல் படித்து இதைத் தெரிந்துகொள்ளவில்லை. இரண்டு தடவை ஏமாந்து தெரிந்துகொண்டார்கள்.

பல் டாக்டர்களுக்கும் இதே பாடு உண்டு. அவர்கள் இதை முறையாகப் பிடித்துக்கொள்ள ஏறக்குறைய இருநூறு வருடம் ஆகியிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

பல்லுக்கு 'கேப்' போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரிந்திருக்கும். முன்பல் உடைந்துவிட்டால், மிச்சத்தைச் செதுக்கி, மேலே பீங்கானில் செய்த உறை ஒன்றை மாட்டுகிறார்கள். அதற்கு முன்னால் டாக்டர், வரிசையாகச் செருகி வைத்த மாதிரிப் பற்களை எடுத்து, ஒவ்வொன்றாக நம் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார். அதற்கு 'ஷேடு கைடு' என்று பெயர். ஏ1, ஏ2, ஏ3, பி1 என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் இருக்கும். பொருந்துகிற அடையாளத்தைச் சீட்டில் எழுதி, பல் செய்யும் லேபுக்கு அனுப்புவார். அங்கே வேலை செய்கிறவர் பெரும்பாலும் உங்கள் முகத்தைப் பார்த்தே இருக்க மாட்டார். அந்தச் சீட்டில் இருக்கும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்தான் அவருக்கு உங்கள் பல்.

முத்துப்பல் என்கிறோம், வெண்பல் என்கிறோம். ஆனால் பல் வெள்ளை கிடையாது. மேலே இருக்கும் எனாமல் பால் கண்ணாடி மாதிரி. உள்ளே இருக்கும் டென்டின் மஞ்சள். வெளிச்சம் எனாமலுக்குள் புகுந்து, சிதறி, டென்டினில் பட்டு, பாதி வழியில் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. ஈறுப் பக்கம் மஞ்சள் கூடியும், நுனிப் பக்கம் லேசாக நீலம் தட்டியும் இருக்கும். கோரைப்பல் பக்கத்துப் பல்லைவிடச் சற்றுக் கறுத்தே இருக்கும். இதில் இன்னொரு வேடிக்கை: வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் உலர்ந்து வெளுத்துவிடும். அதனால் வேலை தொடங்குவதற்கு முன்பே நிறம் பார்த்துவிட வேண்டுமாம். ஒரே வாய்க்குள்ளேயே இத்தனை மாற்றம் இருக்கும்போது, வெளியே இருக்கும் விளக்கும் மாறினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். 1774 வாக்கில், பாரிசுக்குப் பக்கத்தில் அலெக்சி துஷாத்தோ என்று ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். அவருக்கு நீர்யானைத் தந்தத்தில் செய்த பல் செட். கடையில் தினமும் மருந்துகளைச் சுவைத்துப் பார்த்துப் பார்த்து, அந்தத் தந்தம் கறை ஏறி நாற்றமும் எடுத்தது. தன் பீங்கான் கலுவத்தைப் பார்த்தார். எத்தனை மருந்து அரைத்தாலும் அதில் வாடை தங்கவில்லை. பல்லையும் பீங்கானில் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அவர் தொடங்கியதை நிக்கோலா துபுவா த ஷெமான் என்ற பல் மருத்துவர் வளர்த்தெடுத்து, பிரெஞ்சுப் புரட்சியின்போது 1792-இல் லண்டனுக்குப் போய் அங்கே தொழில் நடத்தினார். 1811-இல் ரோலண்ட்சன் என்ற கேலிச்சித்திரக்காரர் அவரை வைத்து ஒரு படமே வரைந்தார். அந்தப் படத்தில் ஓர் அம்மாள் வாயைத் திறந்து பீங்கான் பல்லைக் காட்டுகிறாள். கிண்டல் என்னவென்றால், அந்தப் பல் தட்டு மாதிரிப் பளபளக்கிறது!

ஏழைகளிடமிருந்தும் இறந்தவர்களிடமிருந்தும் எடுத்த நிஜப் பற்களைச் செட்டில் பதிப்பதும் அந்தக் காலத்தில் உண்டு. 1815 வாட்டர்லூ போருக்குப் பிறகு, போர்க்களத்தில் கிடந்த இளைஞர்களின் பற்கள் வியாபாரத்துக்கு வந்தன. 'வாட்டர்லூ பற்கள்' என்றே அவற்றுக்குப் பெயர் ஆகிவிட்டது. எழுதவே கை கூசுகிறது. பீங்கான் பல் தேறியதால் மெல்ல மெல்ல அந்தக் கொடுமை ஒழிந்தது என்பதற்காகவாவது அந்த மருந்துக்கடைக்காரரை நினைவில் வைத்துக்கொள்ளலாம். 1808-இல் பாரிசில் ஃபோன்சி என்ற இத்தாலியர் ஒவ்வொரு பல்லையும் தனித்தனியாகப் பீங்கானில் செய்து, பின்னால் பிளாட்டினக் கொக்கி வைத்துக் கொடுத்தார். தனித்தனிப் பல் என்று வந்ததுமே பக்கத்துப் பல்லின் நிறத்தோடு அது சேருமா என்ற கேள்வியும் கூடவே பிறந்துவிட்டது.

அந்தக் காலத்தில் வெளிச்சம் என்றால் பகலில் ஜன்னல், இரவில் மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும். பகல் ஜன்னலில் பார்த்துச் செய்த பல், இரவு விருந்தில் மெழுகுவத்திக்கு முன்னால் சிரிக்கும். இரண்டும் ஒரே வெளிச்சம் அல்ல என்று தெளிவாக எழுதி வைத்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். நம் இனம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அணுக் கொள்கை என்று நான் உங்களுக்குப் பாடம் நடத்தினேனே, அந்த ஜான் டால்டன்தான். இங்கிலாந்தில் கம்பர்லாந்துப் பகுதியில் பிறந்து, 12 வயதிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தவர். 1792-இல் ஒரு ஜெரானியம் பூவை மெழுகுவத்தி வெளிச்சத்தில் தற்செயலாகப் பார்த்தார். மற்றவர்கள் எல்லோரும் இளஞ்சிவப்பு என்று சொல்லும் அந்தப் பூ அவர் கண்ணுக்குப் பகலில் வானநீலமாகத் தெரியும். மெழுகுவத்திக்கு முன்னால் அதில் நீலமே இல்லை, சிவப்பாக இருந்தது! நண்பர்களைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர்களுக்குப் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. அவருடைய அண்ணனுக்கு மட்டும் இவரைப் போலவே தெரிந்தது. 1794-இல் மான்செஸ்டரில் ஓர் அவையில் இதைக் கட்டுரையாகப் படித்தார். நிறக்குருடு பற்றிய முதல் தெளிவான அறிவியல் விவரிப்புகளில் அது ஒன்று. தன் கண்ணுக்குள் இருக்கும் நீர் நீலமாக இருக்கும் என்று அவர் ஊகித்தார். இறந்தபின் சோதித்துப் பார்க்கச் சொல்லிவிட்டும் போனார். 1844-இல் பார்த்தார்கள், நீலம் இல்லை. பத்திரமாக வைத்திருந்த அந்தக் கண்ணின் திசுவை 1995-இல் மரபணுச் சோதனை செய்து, பச்சையை உணரும் நிறமி அவருக்கு இல்லை என்று உறுதி செய்தார்கள். வாத்தியாருடைய வீட்டுப்பாடத்தை 150 வருடம் கழித்துத் திருத்தியிருக்கிறார்கள்.

டால்டனின் கண் குறையுள்ள கண்தான். ஆனால் அந்த இரவில் மாறியது கண் அல்ல, பூவும் அல்ல. விளக்கு மட்டுமே மாறியது. மெழுகுவத்தியில் சிவப்பும் மஞ்சளும் ஏராளம், நீலம் மிகக் குறைவு. இல்லாத நீலத்தைப் பூ எங்கிருந்து திருப்பி அனுப்பும்?

பக்கத்தில் இருக்கும் நிறமும் சூது செய்யும் என்று காட்டியவர் செவ்ரூல். 1824-இல் பாரிசின் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக வந்த வேதியியலாளர். கறுப்புச் சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும் சேர்ந்து கறுப்பை வெளிற வைத்திருந்தன. 1839-இல் இதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். (102 வயது வாழ்ந்த மனிதர்.) இன்று பல் டாக்டர் நிறம் பார்க்கும் முன் லிப்ஸ்டிக்கைத் துடைக்கச் சொல்வதற்கும், பளிச்சென்ற புடவையைச் சாம்பல் நிறத் துணியால் மூடுவதற்கும் காரணம் இதுதான்.

மின்விளக்கு வருவதற்கு முன்பும் வந்து வெகுகாலத்துக்குப் பிறகும், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓவியர், சாயக்காரர், பல் மருத்துவர் எல்லோரும் நம்பியது வடக்கு ஜன்னலை. வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது. வானத்தின் பொது வெளிச்சம் மட்டும் நிதானமாக வரும். லேசான மேகமூட்டம் உள்ள நாளில், நண்பகலை ஒட்டி, வடக்கு ஜன்னல் பக்கம் பார்த்து நிறம் தேர்ந்தெடு என்பது பாடப்புத்தக வாசகமாகவே ஆகிவிட்டது. புத்தகத்தோடு சேர்ந்து அந்த வாசகமும் நம் ஊர்க் கல்லூரிகளுக்கு வந்தது.

இங்கே நான் ஒரு குறுக்குக் கேள்வி கேட்கிறேன். நிழலில்லா நாள் பார்க்க மைதானத்தில் குச்சி நட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போகிறது. அந்த மாதங்களில் நம் வடக்கு ஜன்னலில் வெயிலே விழும்! லண்டனுக்கு எழுதிய வாசகம் சிதம்பரத்துக்கும் சென்னைக்கும் அப்படியே பொருந்தாது. புத்தகத்தில் அச்சாகியிருப்பதை நம் ஊர் வானத்தோடு ஒருமுறை ஒத்துப் பார்க்க வேண்டும் என்று அந்த மைதானத்திலேயே சொன்னேன். நீங்கள் வெயிலுக்குப் பயந்து மரத்தடிக்கு ஓடிவிட்டீர்கள்.

அடுத்து வருகிறவரும் ஓர் ஆசிரியர். ஆல்பர்ட் மன்செல், பாஸ்டன் நகரத்து ஓவிய ஆசிரியர். அவர் படித்ததும் பின்பு பாடம் சொன்னதும் மாசச்சூசெட்ஸ் நார்மல் ஆர்ட் ஸ்கூலில். நார்மல் ஸ்கூல் என்றால் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. 1870-இல் அந்த மாநிலம் பள்ளிகளில் ஓவியம் கட்டாயம் என்று சட்டம் போட்டது. சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே என்று 1873-இல் அந்தப் பள்ளியைத் திறந்தார்கள். நான் ஆசிரியர் பயிற்சி படித்தபோது வண்ணச் சக்கரம் வரைந்து வரைந்து விரல் எல்லாம் வாட்டர் கலர். அதன் பின்னால் இப்படி ஒருவர் இருந்தார் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மன்செலின் ஆதங்கம் எளிமையானது. நிறத்துக்கு நாம் வைக்கும் பெயர்களை வைத்துப் பாடம் நடத்த முடியாது. கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து என்றால் எந்தக் கிளி, எந்த மாம்பழம்? இசைக்கு ஸ்வரம் எழுதுகிற மாதிரி நிறத்துக்கும் ஒரு குறியீடு வேண்டும் என்று யோசித்து, 1905-இல் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். எந்த நிறத்துக்கும் மூன்று அளவு. ஒன்று, அது சிவப்பா மஞ்சளா நீலமா என்ற சாயல். இரண்டு, கறுப்பிலிருந்து வெள்ளை வரையிலான ஏணியில் அது நிற்கும் படி. மூன்று, அது எவ்வளவு அடர்த்தி என்ற செறிவு. இரண்டாவதைக் கண்மதிப்பில் விடாமல் அளப்பதற்கு ஒரு கருவியும் செய்தார். பிள்ளைகளுக்காக கிரேயான் பெட்டிகள்கூட அவர் முறைப்படி வந்தன.

பல்லுக்கு வந்தால் அந்த இரண்டாவது அளவுதான் ராஜா. சாயலில் சின்ன வித்தியாசம் இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். வெளுப்பு-கறுப்பில் ஒரு படி தவறினால் எதிர் வீட்டிலிருந்தே தெரியும். கண்ணைப் பாதி மூடி, இடுக்கிப் பார்த்தால் இந்த வித்தியாசம் நன்றாகப் புலப்படும் என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். நீங்களும் பழைய கறுப்பு-வெள்ளைப் போட்டோவை நினைத்துக்கொண்டு முயன்று பாருங்கள்.

1931-ஆம் வருடத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் அமெரிக்காவில் புரூஸ் கிளார்க் என்ற பல் மருத்துவர், பல்லின் நிறத்தை மன்செல் முறையில் பகுத்து ஒரு கட்டுரை எழுதினார். அதைத் தொடர்ந்து 60 மாதிரிகள் கொண்ட ஒரு ஷேடு கைடையும் செய்தார். அதே வருடம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கூடிய ஒளிக்கான பன்னாட்டு ஆணையம், அதாவது சி.ஐ.ஈ., முதல்முறையாக 'நிறம் பார்க்கும் கண் இது, நிறம் பார்க்கும் விளக்கு இது' என்று உலகத்துக்கு ஒரு பொது அளவு வைத்தது. அந்தப் பொதுக் கண்ணை எத்தனை பேரை வைத்து அளந்தார்கள் தெரியுமா? ரைட் என்பவர் 10 பேரைச் சோதித்தார், கில்ட் என்பவர் 7 பேரை. ஆக மொத்தம் 17 பேர்! உலகத்தின் கண் அந்தப் பதினேழு பேருடைய கண்.

விளக்கு இன்னும் ருசியான விஷயம். குண்டு பல்பு வெளிச்சத்துக்கு 'ஏ' என்று பெயர் வைத்தார்கள். பகல் வெளிச்சத்தைச் சோதனைக்கூடத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது? அந்தக் குண்டு பல்புக்கு முன்னால் இரண்டு கண்ணாடிக் கூடுகளில் அளந்து கலக்கிய கரைசல்களை வைத்தார்கள். அவற்றில் முக்கியமான சரக்கு மயில்துத்தம்! ஆமாம், நம் விவசாயிகள் போர்டோ கலவைக்கு வாங்குகிற அதே மயில்துத்தம். மஞ்சள் வெளிச்சம் நீலக் கரைசலைத் தாண்டி வரும்போது பகல் வெளிச்சமாகிவிடும். அப்படிச் செய்த ஒளிகளுக்கு 'பி', 'சி' என்று பெயர்.

இவ்வளவு செய்தும் பல் மருத்துவமனைகளுக்கு அது போய்ச் சேரவில்லை. அதற்குள் டியூப்லைட் வந்துவிட்டது. 1938-இல் விற்பனைக்கு வந்து, அடுத்த வருடம் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஜொலித்தது. குறைந்த செலவு, நிறைய வெளிச்சம், நிழல் விழாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஜவுளிக்கடை எல்லாம் அதற்கு மாறின. சூரிய ஒளியை ஏழு ஸ்வரமும் இழையும் ராகம் என்று வைத்துக்கொண்டால், பழைய டியூப்லைட் இரண்டு மூன்று ஸ்வரங்களை மட்டும் ஓங்கிப் பிடித்து, மற்றவற்றை முணுமுணுக்கிற பாட்டு. பாதரச ஆவியிலிருந்து நீலத்திலும் பச்சையிலும் கூர்மையான வீச்சு வரும்; சிவப்பு போதாது.

இங்கேதான் 'மெட்டமெரிசம்' என்ற விஷயம் நுழைகிறது. இரண்டு பொருள்கள் ஒரு விளக்கின் கீழே ஒரே நிறமாகவும், வேறு விளக்கின் கீழே வேறு வேறு நிறமாகவும் தெரிவது. புடவையும் ரவிக்கைத் துணியும் வாசலில் சண்டை போடுவது இதனால்தான். பருத்தியில் ஏறிய சாயமும் பாலியெஸ்டரில் ஏறிய சாயமும் வேறு வேறு. பல்லும் பீங்கானும் வேறு வேறு பொருள்கள் என்பதால் இந்தச் சண்டை எப்போதுமே கொஞ்சம் மிச்சம் இருக்கும். போதாததற்கு, நிஜப் பல் புற ஊதா ஒளி பட்டால் நீலவெள்ளையாக ஒளிரும். பீங்கானும் அப்படி ஒளிர வேண்டும் என்று ஒரு காலத்தில் அதில் துளி யுரேனியம் கலந்தார்கள் என்றால் நம்புவீர்களா? பிற்பாடு அதைக் கைவிட்டு வேறு அருமண் தனிமங்களுக்கு மாறினார்கள்.

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்கிறேன். (அவர் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் பொங்கலுக்கு அவர் வீட்டில் எனக்கு இலை விழாது.) அவருக்கு மேல் வரிசையில் ஒரு முன்பல் கேப். எந்த ஊர், எந்த டாக்டர் என்று கேட்காதீர்கள். பகலில் பார்த்தால் எது நிஜம், எது கேப் என்று கண்டுபிடிக்க முடியாது. கல்யாண மண்டபத்தில் மேடை விளக்குப் போட்டுவிட்டால் அந்த ஒரு பல் மட்டும் சாம்பல் பூத்துத் தெரியும். ஒரு கல்யாண வீடியோவில் அதைப் பார்த்த நாளிலிருந்து அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறார். ஊரையே சிரிக்க வைக்கிற பெண்மணி அவர். உங்களில் பாதிப்பேருக்கு அவரைத் தெரியும்.

இன்னொருத்தி, ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த பெண், இப்போது பல் மருத்துவ மாணவி. ஷேடு பார்க்கும் பயிற்சியில் தொடர்ந்து தவறாக எழுதினாள் என்று அவளுடைய கல்லூரியில் ஒருவர், "உனக்கு நிறம் பார்க்கிற கண்ணே இல்லம்மா" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாராம். பல் கட்டும் துறையில் மேற்படிப்புப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதை விட்டுவிடலாமா என்று என்னிடம் வந்து அழுதாள். எனக்குப் பல்லைப் பற்றி என்ன தெரியும்? இவ்வளவையும் நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். முதலில் இஷிஹாரா சோதனை செய்துகொள் என்றேன். 1917-இல் ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா வெளியிட்டது. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகள். 38 அட்டையும் சரியாகப் படித்தாள். அடுத்து, அந்த அறை எப்படி இருக்கும் என்று கேட்டேன். தரைத்தளம், ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம், சுவர் பச்சை, மேலே நாலு டியூப்லைட்டில் ஒன்று எரியாது, பயிற்சி மதியம் மூன்று மணிக்கு மேல். மரத்தில் பட்ட வெளிச்சமும் பச்சை, சுவரில் பட்டதும் பச்சை!

அவளும் தோழிகளும் ஒரே மாதிரிப் பல்லைக் காலை பத்து மணிக்கு மொட்டைமாடி நிழலிலும், சாயங்காலம் அந்த அறையிலும், இரவில் விடுதி விளக்கிலும் பார்த்து, தனித்தனியாக எழுதினார்கள். காலையில் அநேகமாக எல்லோரும் ஒரே எண்ணை எழுதினார்கள். மற்ற இரண்டு இடத்திலும் ஆளுக்கு ஓர் எண். கண் இல்லை என்று யாரைச் சொல்வது?

இந்தத் தலைவலியை 1973-இல் ராபர்ட் ஸ்பிரௌல் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் தொடர் கட்டுரைகளாக எழுதினார். நிறத்துக்கு மூன்று பரிமாணம் உண்டு, ஷேடு கைடுகளில் ஒழுங்கான வரிசை இல்லை, நிறம் என்ற பாடத்தையே நாம் மாணவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை என்பது அவர் வாதம். மன்செல் எழுதி 68 வருடம் ஆகியிருந்தது. அதன் பிறகுதான், அதே பத்தாண்டின் கடைசியில், பல் மருத்துவ அறைக்கு என்ன விளக்கு வேண்டும் என்று முறையாகப் பரிந்துரை செய்தார்கள். 5500 கெல்வின் அளவிலான பகல் வெளிச்சம், நிறங்காட்டும் திறன் 100-க்கு 90-க்கு மேல். குண்டு பல்பு 2700 முதல் 2850, தெளிவான நீல வானம் 10,000-க்கும் மேலே; இவற்றுக்கு நடுவில் நிற்கிறது 5500. பகல் என்று ஒரே வெளிச்சம் கிடையாது என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது.

அந்த நிறங்காட்டும் திறன் என்ற மதிப்பெண்ணிலும் ஒரு சங்கதி இருக்கிறது. 1965-இல் சி.ஐ.ஈ. வகுத்தது. 14 மாதிரி நிறங்களில் முதல் எட்டின் சராசரிதான் பெட்டியில் அச்சிடும் எண். அழுத்தமான சிவப்பு ஒன்பதாவது. சராசரியில் அது சேராது! ஒரு பாடத்தில் முட்டை வாங்கிய பையன் மொத்தச் சராசரியில் 80 காட்டுகிற கதை. தோல் நிறம் அந்தப் பட்டியலில் உண்டு, இலைப்பச்சை உண்டு, பல் கிடையாது. டி65 என்ற இன்றைய பகல் ஒளி அளவும் 1960-களில் 622 அளவீடுகளிலிருந்து பிறந்தது. அவற்றை எடுத்த இடங்கள் அமெரிக்காவின் ராச்செஸ்டர், கனடாவின் ஒட்டாவா, இங்கிலாந்தின் என்ஃபீல்டு. நம் சித்திரை வெயில் அதில் இல்லை. அதனால் அந்த அளவு தப்பு என்று சொல்ல வரவில்லை. அது எந்த வானம் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, அவ்வளவுதான்.

ஷேடு கைடு கதையை இரண்டு வரியில் முடிக்கிறேன். ஜெர்மனியின் வீட்டா நிறுவனம் 1956-இல் கொண்டுவந்த முறைதான் இன்றும் நம் டாக்டர்கள் கையில் இருக்கும் ஏ, பி, சி, டி வகை, 16 மாதிரி. அதே நிறுவனம் 1998-இல், முதலில் வெளுப்புப் படியைத் தேர்ந்தெடு, பிறகு மற்றதைப் பார் என்ற வரிசையில் புதிய கைடு கொண்டுவந்தது. பாஸ்டன் ஓவிய ஆசிரியரின் ஏணி பல் டாக்டரின் கைக்குக் கடைப் பொருளாக வந்து சேர 93 வருடம்.

மாணவர்களை வைத்துச் சோதிப்பதும் இப்போது பல நாடுகளில் நடக்கிறது. எண்ணை மறைத்த மாதிரிப் பல்லைக் கொடுத்து, இன்னொரு கைடில் அதன் ஜோடியைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். 2006-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஜன்னல் வெளிச்சத்தைவிடக் கையடக்கமான திருத்திய விளக்கின் கீழே மாணவர்கள் நன்றாகப் பொருத்தினார்கள். எல்லா ஆய்விலும் இப்படியே வந்துவிடவில்லை. சிலவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. விளக்கு சரியாக இருந்தாலும் பழக்கம் வேண்டும். ஐந்து விநாடிக்கு மேல் உற்றுப் பார்த்தால் கண் களைத்துவிடும். சாம்பல் அட்டையைப் பார்த்து இளைப்பாறிவிட்டுத் திரும்பிப் பார்க்க வேண்டும். நிறத்தை எண்ணாகவே சொல்லும் கருவியும் வந்துவிட்டது. ஆனால் கண்ணாடியில் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டியவர் பல்லின் சொந்தக்காரர்; அவரிடம் இருப்பது கண்தான்.

இப்போது டியூப்லைட்டும் போய்க்கொண்டிருக்கிறது. 1993-இல் ஜப்பானின் நாகாமுரா பிரகாசமான நீல எல்.ஈ.டி.யைச் செய்து காட்டினார். 2014-இல் அதற்காக மூன்று பேருக்கு நோபல் பரிசு. இன்றைய வெள்ளை எல்.ஈ.டி. பெரும்பாலும் நீல விளக்குமேல் மஞ்சள் பொடி பூசியதுதான். மலிவான வகையில் சிவப்பு மறுபடியும் ஏழை. நம் மாணவியின் கல்லூரியில் போன வருடம் டியூப்லைட்டை எல்லாம் எடுத்துவிட்டு எல்.ஈ.டி. போட்டார்களாம். பெட்டியில் என்ன எண் போட்டிருந்தது என்று யாருக்கும் தெரியாது. சுவர் இன்னும் பச்சை. அவள் தன் பணத்தில் கையடக்க விளக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருக்கிறாள்.

உறவுகளுக்கு ஒரு வார்த்தை. முன்பல்லுக்கு கேப் போடப் போகிறவர்கள் காலை நேரமாகக் கேளுங்கள், லிப்ஸ்டிக் வேண்டாம், கேப்பை நிரந்தரமாக ஒட்டும் முன் பகல் வெளிச்சத்திலும் வீட்டு விளக்கு மாதிரி ஒன்றிலும் கண்ணாடியில் பார்த்துவிடுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். ரவிக்கைத் துணிக்கு வாசல் வரை போகிறோமே.

திருப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் கம்பெனிகளில் 'லைட் பாக்ஸ்' என்று ஒரு பெட்டி இருக்கிறதாம். துணியை உள்ளே வைத்து, டி65 போட்டு ஒருமுறை, ஐரோப்பியக் கடை விளக்கான டிஎல்84 போட்டு ஒருமுறை, குண்டு பல்பு போட்டு ஒருமுறை, புற ஊதா போட்டு ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நிறத்துக்கு ஓகே சொல்வீர்களாம். வெளிநாட்டு வாடிக்கையாளர் எந்த விளக்கு என்று ஆர்டரிலேயே எழுதிவிடுவாராம். ஒரு பனியனுக்கு நாலு விளக்குப் போடுகிற அந்தப் பெட்டி என்ன விலை, பல்புகளை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். அந்தப் பெண்ணுக்கு அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்